இருவர் காசு, ஒரு கணினி

என்னிடம் 1,000 வெள்ளி இருந்தது, தம்பியிடம் 600 வெள்ளி. என்னுடையது பலதுறைத் தொழிற்கல்லூரி விடுமுறைகளில் ஒரு புத்தகக் கடையில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்தது. அவனுடையது மூன்று தீபாவளிகளின் அன்பளிப்புப் பணம். பெரியப்பா, மாமா தந்த உறைகளைக்கூடத் தூக்கிப் போடாமல் பணத்தோடு சேர்த்து அலமாரியில் வைத்திருந்தான். இருவருக்கும் கணினி வேண்டும். தனித்தனியாக வாங்கினால் இருவருக்குமே உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. சேர்த்துப் போட்டால் நல்லதாக ஒன்று வாங்கலாம். அதையும் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து நாங்களே பொருத்துவது என்று 2024 செப்டம்பர் விடுமுறையில் முடிவெடுத்தோம்.

எனக்குத் தேவை காணொளித் தொகுப்பு. லிட்டில் இந்தியாவில் பல ஆண்டுகளாகப் பூக்கட்டும் மூதாட்டிகள் இருவரைப் பற்றி 20 நிமிட ஆவணப்படம் ஒன்றை இறுதியாண்டுத் திட்டமாக எடுத்திருந்தேன். கல்லூரிக் கேமராவில் பதிவு செய்தது மட்டும் ஆறு மணி நேரம். என் பழைய மடிக்கணினியில் அதைத் திறந்தால் பாட்டி ஒரு பூவை எடுப்பார், நார் அவர் விரலைச் சுற்றுவதற்குள் படம் உறைந்துவிடும். ஜனவரியில் ஒப்படைக்க வேண்டும். உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பிக்கு வேலரண்ட் வேண்டும், எல்டன் ரிங் வேண்டும்.

அம்மா இரண்டு நிபந்தனை விதித்தார். கணினி வரவேற்பறையில்தான் இருக்க வேண்டும், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடக்கூடாது. இரண்டாவது, பணம் போதவில்லை என்று தன்னிடம் வந்து நிற்கக்கூடாது. வரவேற்பறை என்றதும் இன்னொரு நிபந்தனை தானாகவே சேர்ந்துகொண்டது. எங்கள் நாலறை வீவக வீட்டில் ஆத்தா வரவேற்பறைச் சோபாவில்தான் படுப்பார். ஆகவே கணினி சத்தம் போடக்கூடாது.

திரையில் தொடங்கிய சண்டை

பெரும்பாலோர் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து பட்டியல் போடத் தொடங்குவார்கள். நாங்கள் திரையிலிருந்து தொடங்கினோம். திரையின் அளவும் வேகமும் முடிவானால்தான் எத்தகைய கார்டு வேண்டும் என்பதே தெரியும். முழு எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 1440 வரித் திரையில் சுமார் 37 லட்சம். 4கே திரையில் 83 லட்சம். விளையாட்டு ஓடும்போது நொடிக்கு நூறு முறைக்கு மேல் இத்தனை புள்ளிகளையும் கார்டு வரைய வேண்டும். திரையைப் பெரிதாக்கினால் கார்டையும் பெரிதாக்க வேண்டும், அப்போது 1,600 வெள்ளி எந்த மூலைக்கு?

“240 ஹெர்ட்ஸ் இல்லன்னா எதுக்குக்கா?” என்றான் தம்பி. நொடிக்கு 240 முறை புதுப்பிக்கும் திரை, போட்டியாகச் சுடும் விளையாட்டில் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அவன் ஆசைப்படும் எல்டன் ரிங் நொடிக்கு 60 படங்களைத் தாண்டாதபடி அதைச் செய்தவர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். எத்தனை ஹெர்ட்ஸ் திரை வாங்கினாலும் அதில் 60தான். இதைச் சொன்னபோது அவன் முகம் விழுந்ததை நான் மறக்கவில்லை. எனக்கோ நிறம் முக்கியம். மல்லிகையின் வெள்ளை நீலமாகத் தெரியும் திரையில் நிறத் திருத்தம் செய்தால் வகுப்பறைத் திரையில் பல்லிளிக்கும். முடிவில் 24 அங்குலம், முழு எச்டி, ஐபிஎஸ் வகை, 180 ஹெர்ட்ஸ் என்று ஒரு திரைக்கு இருவரும் தலையாட்டினோம். 155 வெள்ளி. நான் எடுத்தது 4கே காணொளி என்றாலும் அதைத் தொகுக்க 4கே திரை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒப்படைக்கும் படம் எப்படியும் முழு எச்டியில்தான் போகிறது.

‘எஃப்’ என்ற ஓர் எழுத்து

பிராசசர் விஷயத்தில்தான் அதிக நாள் செலவானது. தம்பியின் நண்பர்கள் கொடுத்த பட்டியல்கள் எல்லாவற்றிலும் இரண்டில் ஒன்று இருந்தது. ஏஎம்டியின் ரைசன் 5 7600, அல்லது இன்டெலின் கோர் ஐ5-13400எஃப். விளையாட மட்டும் என்றால் இரண்டுமே அருமையானவை. நானும் ரைசன் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். அதன் ஏஎம்5 பொருத்தியில் பின்னாளில் வரும் புதிய பிராசசரையும் போட்டுக்கொள்ளலாம். இன்டெலின் எல்ஜிஏ1700 பொருத்தி 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிடும், பிறகு மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஆனால் என் கேமரா கோப்புகள் வேறு கதை சொல்லின. கைப்பேசியில் எடுக்கும் சாதாரண காணொளி 4:2:0 என்ற முறையில் நிறத்தைப் பதிவு செய்கிறது. அதாவது ஒளி விவரம் முழுதாக இருக்கும், நிற விவரம் நான்கில் ஒரு பங்குதான். கண்ணுக்கு அது தெரியாது. கல்லூரிக் கேமரா 4:2:2 முறையில், 10 பிட் ஆழத்தில், எச்.265 வடிவில் பதிகிறது. நிற விவரம் அதைப்போல் இரு மடங்கு. நிறத் திருத்தம் செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம், கணினிக்கோ பெரும் சுமை. எச்.265 மிக இறுக்கமாகச் சுருக்கப்பட்ட வடிவம். அதை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று இருந்தால் காணொளி தண்ணீராக ஓடும். இல்லாவிட்டால் பிராசசர் தன் முழு பலத்தையும் போட்டு விரிக்க வேண்டும், அப்போதும் திக்கித் திணறும். என் மடிக்கணினியில் பாட்டியின் விரல் உறைந்து நின்றது இதனால்தான்.

எந்தச் சில்லில் அந்தச் சுற்று இருக்கிறது என்று தேடியபோது எனக்கே வியப்பாக இருந்தது. அப்போது கடைகளில் இருந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டுகளில், ஆயிரக்கணக்கில் விலையுள்ளவற்றில்கூட, எச்.265 4:2:2ஐ விரிக்கும் வசதி இல்லை. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அதைச் சேர்த்தார்கள். ரைசன் 7600க்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸிலும் இல்லை. இன்டெல் பிராசசரோடு சேர்ந்தே வரும், விளையாட்டுக்காரர்கள் ஏளனமாகப் பார்க்கும் அந்தச் சாதாரண உள்ளமை கிராஃபிக்ஸில் இருக்கிறது! குவிக் சிங்க் என்று அதற்குப் பெயர்.

இங்கேதான் அந்த ‘எஃப்’ வருகிறது. இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளமை கிராஃபிக்ஸ் செயல்படாது என்று பொருள். விலை கொஞ்சம் குறையும். விளையாட மட்டும் வாங்குகிறவர் தனிக் கார்டு போடப்போகிறார் என்பதால் எஃப் வாங்குவது புத்திசாலித்தனம். எனக்கு அந்த எழுத்து, படத்தைக் குறித்த நாளில் ஒப்படைப்பதற்கும் ஒப்படைக்காமல் போவதற்கும் இடையில் நின்றது. தம்பியின் நண்பர்கள் தந்த பட்டியலை அப்படியே வாங்கியிருந்தால் 1,600 வெள்ளிக் கணினியிலும் பாட்டியின் விரல் தடுமாறித்தான் நகர்ந்திருக்கும்.

எஃப் இல்லாத ஐ5-13400 போதுமா, அல்லது ஐ5-13500க்குப் போவதா என்பது அடுத்த கேள்வி. 13500இல் வேகமான கோர்கள் ஆறு, சிக்கனமான கோர்கள் எட்டு, ஆக மொத்தம் 14. 13400இல் பத்து. முடித்த படத்தைக் கோப்பாக வெளியேற்றும்போது கூடுதல் கோர்கள் உழைக்கும். 332 வெள்ளிக்கு 13500ஐ முடிவு செய்தோம். அந்தச் சமயம் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் சில நிலையற்று இயங்குவதாகச் செய்தி அடிபட்டுக்கொண்டிருந்தது. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்திருந்தது. பாதிக்கப்பட்டவற்றின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஐ5-13600கேயும் அதற்கு மேற்பட்டவையும் இருந்தன, 13500 இல்லை. பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது.

பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதியை இதனால் இழந்தோம். தெரிந்தேதான் இழந்தோம். என்றோ வரப்போகும் பிராசசரைவிட ஜனவரி எனக்கு அருகில் இருந்தது.

தம்பியின் பங்கு

கிராஃபிக்ஸ் கார்டு தம்பியின் இலாகா என்று விட்டுவிட்டேன். அவன் கேரோசலில் மலிவான பழைய கார்டுகளாகப் பார்த்து அனுப்பிக்கொண்டே இருந்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மின்னாணயம் கார்டுகளைக் கொண்டு ‘தோண்டும்’ முறையையே கைவிட்டது. மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்து சேர்ந்தன. எல்லாமே மோசமானவை என்று சொல்ல மாட்டேன். விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம், மற்றபடி சில்லு நன்றாகவே இருக்கலாம். ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று ரொக்கத்துக்குக் கைமாற்றும் கார்டு இரண்டாவது வாரம் படுத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? குறைபாடுள்ள பொருள்களுக்கு எதிராக 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’, பழைய பொருளாக இருந்தாலும் வணிகரிடம் வாங்கினால் துணை நிற்கும். தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்கு விற்பதை அது தொடாது. அவன் மூன்று தீபாவளியை அப்படிப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

புதிய கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 4060. விலை 419 வெள்ளி, மொத்தப் பணத்தில் கால் பங்குக்கும் மேல். முழு எச்டி திரையில் வேலரண்ட் நொடிக்கு 180 படங்களைத் தாராளமாகத் தாண்டும். அதன் குறை, நினைவகம் 8 கிகாபைட்தான். பழைய 3060இன் ஒரு வகையில் 12 இருக்கிறது. புதிய விளையாட்டுகள் சிலவற்றில் படத்தரத்தை உச்சத்தில் வைத்தால் 8 திணறும். என்விடியா இதில் கஞ்சத்தனம் செய்துவிட்டது என்பது என் கருத்து. ஆனாலும் 4060 உச்சத்தில் இழுப்பது 115 வாட் மின்சாரம், 3060 இழுப்பது 170. குறைந்த மின்சாரம் என்றால் குறைந்த வெப்பம், விசிறி மெதுவாகச் சுழலும், ஆத்தா தூங்குவார்.

மின்சாரம் என்றதும் அப்பா பேச்சில் கலந்துகொண்டார். “மாசம் எவ்வளவு வரும்?” திரையோடு சேர்த்து விளையாடும்போது 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் மூன்று மணி நேரம் என்றால் ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. யூனிட் ஏறத்தாழ 30 காசு. மாதம் சுமார் 8 வெள்ளி. தம்பி அதைத் தன் கைச்செலவுப் பணத்திலிருந்து தருவதாக அங்கேயே ஒப்பந்தமானது. நான் தொகுக்கும் நேரத்துக்கான மின்சாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.

யாரும் பேசாத பாகங்கள்

பவர் சப்ளையைப் பற்றி நண்பர்கள் கூட்டத்தில் பெருமை பேச முடியாது. அதனால்தான் பலரும் அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை, பாகங்களுக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது அது. அது கெட்டால் தான் மட்டும் கெடாமல் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். கணக்குப் பார்த்தோம். பிராசசர் உச்சத்தில் 154 வாட், கார்டு 115, மற்றவை எல்லாம் சேர்ந்து 60 என்றாலும் 330 வாட்தான். 550 வாட்டே போதும். ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு 650 வாட் ஒன்று 99 வெள்ளிக்குக் கிடைத்ததால் அதை எடுத்தோம். பெட்டியில் இருக்கும் ‘80 பிளஸ்’ முத்திரை, இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கருவி நெடுநாள் உழைக்குமா என்பதை அது சொல்லாது. அதற்கு உத்தரவாத ஆண்டுகளைப் பார்ப்பதே நல்லது.

ரேம் 32 கிகாபைட், டிடிஆர்5, 138 வெள்ளி. 16 போதும் என்றான் தம்பி. அவன் விளையாட்டுக்குப் போதும்தான். பிரிமியர் புரோவில் நாலு அடுக்குக் காணொளியும் இரண்டு ஒலித்தடமும் வைத்துக்கொண்டு உலாவியையும் திறந்தால் போதாது. ஒரே 32ஆக வாங்காமல் இரண்டு 16ஆக வாங்கினோம். இரண்டாக இருந்தால் பிராசசர் இரு பாதையில் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும். மதர்போர்டு பி760 வகை, 179 வெள்ளி.

சேமிப்புக்கு ஒரு சிறு கணக்கு. என் கேமரா நொடிக்கு 200 மெகாபிட் பதிகிறது. மணிக்கு 90 கிகாபைட். ஆறு மணி நேரம் 540. ஒரு டெராபைட் எஸ்எஸ்டி வாங்கினால் விண்டோஸும் தம்பியின் விளையாட்டுகளும் போக எனக்கு இடமே இருக்காது. 2 டெராபைட் எம்.2 எஸ்எஸ்டி, 165 வெள்ளி. நகல் ஒன்று வீட்டில் இருந்த பழைய வெளி ஹார்ட் டிஸ்கில். மீண்டும் எடுக்க முடியாத காட்சிகளை ஒரே இடத்தில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேசிங்கில் தம்பிக்குக் கண்ணாடியும் வண்ண விளக்கும் வேண்டும். நம் ஊர் வெயில் அதற்கு ஒத்துவராது. வெளிநாட்டு விமர்சகர்கள் 20, 22 பாகை அறையில் சோதித்து எண்களைச் சொல்கிறார்கள். எங்கள் வரவேற்பறையில் குளிரூட்டி இல்லை, மதியம் 30 பாகை. அவர்கள் சொல்லும் சூட்டோடு இன்னும் எட்டுப் பாகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் அடைத்த கேசிங்கில் காற்று எந்த வழியாக உள்ளே போகும்? முன்பக்கம் வலையாக, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியோடு, 69 வெள்ளிக்குக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தோம். பிராசசரோடு இலவசமாக வரும் சிறு விசிறி வேலை செய்யும், ஆனால் சுமை ஏறினால் கத்தும். ஆத்தாவுக்காக 35 வெள்ளியில் உயரமான குளிர்விப்பான் ஒன்று தனியாக.

கூட்டினால் 1,591 வெள்ளி. விசைப்பலகையும் மௌஸும் வீட்டில் இருந்தவை. அப்பாவின் பழைய மேசைக் கணினிக்கென்று பெட்டியோடு தனியாக வாங்கிய விண்டோஸ் உரிமம் இருந்தது. அத்தகைய சில்லறை உரிமத்தைப் புதுக் கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியோடு சேர்ந்தே வந்த உரிமம் என்றால் பொதுவாக அப்படி மாற்ற முடியாது.

சிம் லிம்மில் ஒரு நாள்

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி சிம் லிம் ஸ்குவேருக்குப் போகிறோம் என்றதும் அம்மாவுக்குக் கவலை. 2014இல் அங்கே ஒரு கைப்பேசிக் கடையில் வியட்னாமியச் சுற்றுப்பயணி ஒருவர் தன் பணத்தைத் திருப்பித் தரும்படி மண்டியிட்டுக் கெஞ்சிய காணொளியை அவர் மறக்கவில்லை. அந்தக் கடைக்காரருக்கு மறு ஆண்டு 33 மாதச் சிறைத்தண்டனை கிடைத்ததை நான் நினைவூட்டினேன். மேல்தளங்களில் கணினிப் பாகம் விற்கும் கடைகள் வேறு மாதிரி. விலைப்பட்டியலை அச்சடித்தே தருகிறார்கள். நாலு கடைத் தாள்களை வாங்கிக்கொண்டு படிக்கட்டு ஓரமாக நின்று ஒப்பிட்டோம். ஒரே பாகத்துக்குக் கடைக்குக் கடை பத்து, இருபது வெள்ளி வித்தியாசம். கடன் அட்டை என்றால் கூடுதல் கட்டணம் உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஒரு கடையில் நான் கேள்வி கேட்டேன், பதில் தம்பியின் முகத்தைப் பார்த்து வந்தது. “எஃப் இல்லாத 13500 இருக்கிறதா?” என்று மறுபடி கேட்டேன். “விளையாடுவதற்கு அது தேவையில்லையே” என்று மறுபடியும் அவனிடமே சொன்னார். தம்பி இரண்டு கைகளையும் தூக்கி, “அக்காவிடம் கேளுங்கள், எனக்கு ஒன்றும் தெரியாது” என்றான். அந்த நேரத்தில் அவனுக்கு 240 ஹெர்ட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. அதே கடையில் கேசிங்கோடு பெயர் தெரியாத 750 வாட் பவர் சப்ளையைச் சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

கடைசியில் வாங்கிய கடையில் ஒரு நடுவயது அங்கிள். குவிக் சிங்க் என்றதுமே, “என்ன கேமரா?” என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே எட்டு வெள்ளி கூடுதலாக இருந்த மதர்போர்டை அவரிடமே வாங்கினேன். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளூர் விநியோகிப்பாளரின் ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் அவர்தான். அது இல்லாத பெட்டி வேறு நாட்டுக்காக வந்ததாக இருக்கலாம், பழுதானால் இங்கே யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மிஞ்சிய 9 வெள்ளிக்குத் தேக்காவில் ஆளுக்கொரு தோசையும் தே தாரிக்கும் ஆயிற்று. பெட்டிகளைத் தம்பி மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டான், மேசையில் வைக்க மறுத்துவிட்டான்.

பொருத்திய இரவு

சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தோம். ஒரே ஒரு நட்சத்திர முனைத் திருப்புளி போதும். எதைத் தொடும் முன்பும் கேசிங்கின் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டோம். இந்த வகைப் பொருத்தியில் ஊசிகள் மதர்போர்டில்தான் இருக்கின்றன, தலைமுடியைவிடச் சற்றுப் பருமன், அவ்வளவுதான். பிராசசரை அதன்மேல் வைக்க வேண்டும், அழுத்தக்கூடாது. அதன் மூலையில் உள்ள முக்கோணக் குறி, பொருத்தியின் குறியோடு சேர வேண்டும். பிறகு நெம்புகோலை மூட ஒரு பலம் வேண்டும் பாருங்கள், 332 வெள்ளி நொறுங்கிவிட்டது என்றே தோன்றும். கருப்பு மூடி தானாகத் தெறித்து விழுந்ததும் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அது அப்படித்தான் விழ வேண்டும்.

ரேமை பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருகினோம். குளிர்விப்பானை இறுக்கும்போது ஒரு பக்கத் திருகை முழுதாக முடுக்காமல் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். கேசிங்கின் முகப்புப் பொத்தானிலிருந்து வரும் பொடிக் கம்பிகள்தான் பொறுமையைச் சோதித்தன. ஆத்தா தன் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரவு ஒன்பதே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன, திரை கருப்பு. பத்து நொடி, இருபது நொடி. தம்பி என் கையைப் பிடித்தான். டிடிஆர்5 ரேம் முதல் முறை இயங்கும்போது மதர்போர்டு அதோடு பேசிப் பழக நேரம் எடுக்கும். இதை முன்பே படித்திருந்ததால் யாரையும் பொத்தானைத் தொடவிடவில்லை. ஒரு நிமிடத்துக்குப் பிறகு திரையில் எழுத்து வந்தது. அம்மா, “அவ்வளவுதானா?” என்றார்.

பயாஸில் இரண்டு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. எக்ஸ்எம்பியை இயக்காவிட்டால் ரேம் பெட்டியில் போட்ட வேகத்துக்குப் போகாமல் குறைந்த வேகத்திலேயே ஓடும். இரண்டாவதுதான் எனக்கு உயிர். தனிக் கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் உள்ளமை கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். தேடிப் பிடித்து அதை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் எஃப் இல்லாத பிராசசர் வாங்கியும் பயனில்லை. விண்டோஸ் ஏற்றிய பிறகு தம்பியின் திரை 60 ஹெர்ட்ஸில்தான் இருந்தது, அமைப்புக்குள் போய் 180 என்று மாற்றிக் கொடுத்தேன். சுட்டி முள் நகர்வதைப் பார்த்தே சிரித்தான். திரைக் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகியிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு பதினொன்றுக்குப் பாட்டியின் காட்சியைத் திறந்தேன். விரல் நிற்காமல் ஓடியது. நார் சுற்றியது, முடிச்சு விழுந்தது, அடுத்த பூ வந்தது. ஆத்தா சோபாவில் உட்கார்ந்து முழு மாலையும் கட்டி முடியும்வரை பார்த்தார். “இந்த அம்மா முடிச்ச எங்கம்மா மாதிரிப் போடுது” என்றார். அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன், படத்தில் ஓரிடத்தில் வருகிறது.

படம் ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. 20 நிமிடத்தை வெளியேற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மடிக்கணினியில் என்றால் இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் எழுந்து பார்ப்பேன். அந்த வாரம் மட்டும் தம்பி தன் மணிநேரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தான், அதற்கு அந்த மாத மின்கட்டணம் 8 வெள்ளியை நான் கட்டினேன். மற்ற நாள்களில் மாலை ஏழு வரை அவன், அதற்குப் பிறகு நான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது அவன் வேலை.

ரசீதுகளையும் உத்தரவாத அட்டைகளையும் அம்மா பழைய மைலோ டின்னில் போட்டு, மூடியில் அப்பாவின் கையெழுத்தில் தேதிகளை எழுதி ஒட்டியிருக்கிறார். கார்டுக்கு 2027 செப்டம்பர், பவர் சப்ளைக்கு 2029. ரசீதின் அச்சு மங்கிவிடும் என்று எல்லாவற்றையும் படம் பிடித்தும் வைத்திருக்கிறோம். அந்தப் படங்கள் கணினியில் இல்லை, அம்மாவின் கைப்பேசியில் இருக்கின்றன.